மனித உரிமை வரலாற்றை ஒரு மனுவை வைத்துச் சொல்லிக் கொடுப்பது எப்படி

முப்பத்தெட்டு வருஷமாக மனு எழுதிப் பிழைக்கிறேன். குழித்துறை தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஓட்டுத் திண்ணை, ஒரு மேசை, இரண்டு ஸ்டூல், அவ்வளவுதான் என் அலுவலகம். தமிழில் எழுதுவேன். களியக்காவிளை தாண்டி வருகிறவர்களுக்கு மலையாளத்திலும் எழுதுவேன். பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம், பெயர் திருத்தம், வழித் தகராறு என்று எல்லாமே வரும். எங்கள் ஊர் திருவிதாங்கூர் பக்கம் இருந்த காலத்து, அதாவது 1956-க்கு முந்தைய ஆதாரங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதில என்ன எழுதியிருக்கு, வாசிச்சுச் சொல்லுங்க" என்று நிற்பவர்களும் உண்டு. இங்கே பத்திரத்தை ஆதாரம் என்றுதான் சொல்வோம். அதில் இருப்பது மலையாள எழுத்து, கொல்லம் ஆண்டு.

எங்கள் ஊர் நூலகத்தில் வருஷந்தோறும் டிசம்பர் 10 அன்று மனித உரிமை நாள் கூட்டம் நடக்கும். ஒருவர் வந்து பாபிலோனில் ஆரம்பித்து 1948 வரை ஆண்டுகளை அடுக்குவார். பிள்ளைகள் வடைத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பேச வரவேண்டியவருக்குக் காய்ச்சல். நூலகச் செயலாளர் என் திண்ணைக்கு ஓடி வந்தார். "மாமி, நீங்கதான் மனு எல்லாம் எழுதுவியளே, ஒரு மணி நேரம் பேசுங்க" என்றார். மனுவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி மகளுடைய பழைய வரலாற்றுப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்துக்குப் பக்கம் யாரோ ஒருவர் யாருக்கோ மனு கொடுத்துக்கொண்டிருந்தார். அட, இது நம் தொழில் அல்லவா என்று தோன்றியது.

அதற்குப் பிறகு அந்த வகுப்பை மூன்று தடவை எடுத்துவிட்டேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரிந்த முறையில் எழுதிவைக்கிறேன். ஆசிரியர்கள், டியூஷன் எடுப்பவர்கள், நூலகம் நடத்துபவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு குறை வேண்டும்

வாங்கிவைக்க வேண்டியவை கொஞ்சம்தான்: வெள்ளைத்தாள் ஒரு கட்டு, கோந்து, ஒரு சிவப்புப் பேனா, கார்பன் தாள். கார்பன் தாள் என்று கேட்டால் இப்போது கடைப் பையன் விழிப்பான். மார்த்தாண்டத்தில் பழைய ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கிறது. நகல் எடுக்கும் கடை பக்கத்தில் இருந்தாலும் கார்பன் தாளையே வையுங்கள். தன் கையெழுத்து அடுத்த தாளில் இறங்குவதைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு வருகிற சுவாரஸ்யம் ஜெராக்ஸில் வராது. நேரம் இரண்டு மணியாவது ஒதுக்குங்கள். திரையில் படம் காட்டுவதெல்லாம் வேண்டாம்.

உட்கார்ந்ததும் "மனித உரிமை என்றால் என்ன" என்று கேட்டுவிடாதீர்கள். பாடப்புத்தக வரியை ஒப்பிப்பார்கள், அத்தோடு வகுப்பு செத்துவிடும். "உங்களுக்கு என்ன குறை?" என்று கேளுங்கள். ஒரு நிமிஷம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் அடக்க முடியாது. என் முதல் வகுப்பில் பதினேழு பிள்ளைகள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வருகிற பேருந்து, இலவச பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தால் நிறுத்தாமல் போகிறது. ஆளாளுக்கு இதையேதான் சொன்னார்கள். எந்தத் தடம் என்று இங்கே எழுதவில்லை.

"சரி, அதையே மனுவாக எழுதுங்கள்" என்று பத்து நிமிஷம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தால் பதினைந்து தாளில் ஒரே வரி: "ஐயா அவர்கள் எங்கள் மீது கருணை கூர்ந்து பேருந்தை நிறுத்தித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." விடுமுறைக் கடிதம் எழுதிப் பழகிய கை, வேறு எப்படி எழுதும்? சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு தாளிலும் "கருணை" என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டேன். அடிக்கவில்லை, திருத்தவில்லை, வட்டம் மட்டும். தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இந்தச் சொல் வேண்டுமா வேண்டாமா என்று கடைசியில் பேசுவோம்" என்றேன். வகுப்பு முழுவதையும் அந்த வட்டம்தான் இழுத்துக்கொண்டு போகும். இதைத் தவறவிடாதீர்கள்.

கரும்பலகையில் இரண்டு சொல் எழுதுங்கள்: அருள், உரிமை. ஒன்று அருளாக வந்தால் கொடுக்கிறவர் மனசு வைக்க வேண்டும். உரிமையாக வந்தால் மறுக்கிறவர் காரணம் சொல்ல வேண்டும். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மீதி எல்லாம் கதை.

பழங்காலத்தைச் சீக்கிரம் கடந்துவிடுங்கள்

மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை அவர்களையே சொல்ல விடுங்கள். சொல்லி முடித்ததும், "அந்த ராஜா உறங்கிவிட்டிருந்தால் பசு என்ன செய்திருக்கும்?" என்று கேளுங்கள். மணி அரண்மனைக்குச் சொந்தம், கேட்பதும் கேட்காமல் விடுவதும் ராஜாவின் குணம். அதுதான் அருள். அசோகர் கலிங்கத்தில் தன் அதிகாரிகளுக்குக் காரணமில்லாமல் யாரையும் சிறையில் போடாதீர்கள் என்று பாறையில் வெட்டிவைத்தார். பெரிய மனசுதான். ஆனால் அவரே அதை மீறினால் யாரிடம் போவது என்று பாறையில் இல்லை.

சைரஸ் உருளை பற்றி ஒரு வார்த்தை. கி.மு. 539-ல் பாபிலோனைப் பிடித்த பாரசீக மன்னரின் களிமண் உருளை அது. 1879-ல் தோண்டி எடுத்தார்கள், இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1971-ல் ஈரான் அரசு அதன் நகலை ஐ.நா.வுக்குக் கொடுத்தது. அதிலிருந்து "உலகின் முதல் மனித உரிமைச் சாசனம்" என்று மேடைதோறும் சொல்கிறார்கள். வரலாற்று ஆசிரியர்கள் பலர் இதை ஏற்பதில்லை. நாட்டைப் பிடித்த ராஜா தன் பெருமையைத் தானே எழுதிவைத்த வழக்கமான மெய்க்கீர்த்தி அது என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது. யாரும் கேட்டு வாங்கிய தாள் இல்லை அது.

1215: பெரும்பாலோரை உட்கார வையுங்கள்

கேட்டு வாங்கிய தாள் என்றால் மேக்னா கார்ட்டா. 1215 ஜூன் 15, தேம்ஸ் ஆற்றங்கரையில் ரன்னிமீட் என்ற புல்வெளி. ஒரு பக்கம் ஜான் மன்னர், எதிரே ஆயுதம் ஏந்திய பிரபுக்கள். வரி வரி என்று பிடுங்கியதில் பொறுமை இழந்து வந்தவர்கள். அறுபத்துமூன்று பிரிவுகள். பிள்ளைகளுக்கு இரண்டு போதும். முப்பத்தொன்பதாவது: எந்தச் சுதந்திர மனிதனையும் அவனுக்குச் சமமானவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் பிடிக்கவோ சிறையில் அடைக்கவோ கூடாது. நாற்பதாவது: யாருக்கும் நீதியை விற்க மாட்டோம், மறுக்க மாட்டோம், தாமதிக்க மாட்டோம். இந்தக் கடைசிச் சொல்லைத் தட்டச்சு செய்து என் திண்ணைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தாலுகா அலுவலகத்தில் மூன்றாவது தடவையாக நாளை வரச்சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அதை வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

இங்கே ஒரு விளையாட்டு. எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். "இந்தச் சாசனம் உங்களைக் காப்பாற்றும்" என்று சொல்லிவிட்டு, "சுதந்திர மனிதன் என்றுதான் எழுதியிருக்கிறது. அப்படியானால் பிரபுவின் நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாட்கள் உட்காருங்கள்" என்று பெரும்பகுதிப் பேரை உட்கார வையுங்கள். நிற்கிற நான்கைந்து பேர் முகத்தில் ஒரு பெருமை வரும், உட்கார்ந்தவர்கள் முறுமுறுப்பார்கள். அந்த முறுமுறுப்புதான் பாடம். இனிமேல் ஒவ்வொரு சாசனத்துக்கும் அவர்களே "யார் உட்காரணும் மாமி?" என்று கேட்பார்கள்.

போப் இந்தச் சாசனம் செல்லாது என்று பத்தே வாரத்தில் அறிவித்ததையும் சொல்லுங்கள். கையெழுத்தோ முத்திரையோ விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. முடியவில்லை. அடுத்தடுத்த மன்னர்களிடம் அதைத் திரும்பத் திரும்ப வெளியிட வைத்துத்தான் அது நிலைத்தது.

ஏழு பிஷப்புகள்

பேச்சாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுதான். 1628-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சார்லஸ் மன்னருக்கு ஒன்று கொடுத்தது. கட்டாயக் கடன் வாங்காதே, காரணம் சொல்லாமல் சிறையில் போடாதே, குடிமக்கள் வீட்டில் படைவீரர்களைத் தங்க வைக்காதே என்று அதில் இருந்தது. அதன் பெயரே உரிமை மனு. பெயரைக் கவனியுங்கள். உரிமையும் மனுவும் ஒரே தலைப்பில் சேர்ந்துவிட்டன.

அறுபது வருஷம் கழித்து 1688-ல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் ஓர் அறிக்கையை எல்லாத் தேவாலயங்களிலும் வாசிக்கச் சொன்னார். ஏழு பிஷப்புகள், "மன்னிக்க வேண்டும், சட்டத்தை இப்படி நிறுத்திவைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை" என்ற கருத்தில் மரியாதையாக ஒரு மனு கொடுத்தார்கள். மன்னர் மனு கொடுத்ததையே குற்றமாக்கி, ஏழு பேரையும் லண்டன் கோபுரச் சிறையில் அடைத்து, ராஜத்துரோகமான அவதூறு என்று வழக்குப் போட்டார். ஜூரிகள் விடுதலை செய்தார்கள். அந்த வருஷக் கடைசியில் மன்னரே நாட்டை விட்டு ஓடிவிட்டார். 1689 உரிமைச் சட்டத்தில் ஒரு வரி ஏறியது: மன்னருக்கு மனு கொடுப்பது குடிமக்களின் உரிமை, அதற்காக யாரையும் பிடிப்பதும் வழக்குப் போடுவதும் சட்டவிரோதம்.

(நேர்மையாகச் சொன்னால், பிஷப்புகள் எதிர்த்த அறிக்கை கத்தோலிக்கர்களுக்கும் மற்றச் சபையாருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் கொடுப்பது. அந்தக் கணக்கில் மன்னர் செய்தது நல்ல காரியம் போலத் தெரியும். பத்தாம் வகுப்புக்கு மேலே உள்ள பிள்ளைகள் என்றால் இதையும் சொல்லி அவர்களைச் சண்டை போட விடுங்கள். என் வகுப்பில் அரை மணி நேரம் போனது.)

இந்தக் கதை எனக்கு ஏன் பிடிக்கும் என்றால், தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில், எது என்று வேண்டாம், ஒரு விதவைக்கு நான் எழுதிக் கொடுத்த மனுவைத் தரையில் எறிந்துவிட்டு, "யாரு எழுதிக் கொடுத்தது? அவளைக் கூட்டிக்கிட்டு வா" என்றார்கள். போனேன். ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். அப்போது எனக்கு அந்த ஏழு பேரைத் தெரிந்திருந்தால் கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கும்.

அமெரிக்காவின் 1776-லும் பிரான்சின் 1789-லும் அதிக நேரம் நிற்க வேண்டாம், பாடப்புத்தகம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பிரெஞ்சுப் பிரகடனத்துக்குப் பதினேழு பிரிவுகள் என்று சொல்லிவிட்டு, நேராக ஒலிம்ப் தெ கூஜ் என்ற பெண்ணிடம் போங்கள். 1791-ல் அந்தப் பதினேழையும் எடுத்து வைத்துக்கொண்டு, பெண்ணையும் சேர்த்துப் பதினேழு பிரிவாகவே திருப்பி எழுதினார் அவர். தூக்குமேடை ஏறப் பெண்ணுக்கு உரிமை இருக்கிறது என்றால் பேச்சுமேடை ஏறவும் உரிமை வேண்டும் என்று அதில் கேட்டார். 1793 நவம்பரில் அவரைக் கொலை மேடை ஏற்றினார்கள். பழைய படிவத்தை எடுத்து ஆளை மாற்றி எழுதுவது எங்கள் தொழிலில் தினம் நடப்பது. எழுத்துக்கே உயிரை விலையாகக் கொடுத்தவர் அவர். அதே 1791-ல் பிரான்சின் கரும்புத் தீவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பிரான்ஸ் 1794-ல் அடிமைமுறையை ஒழித்தது, 1802-ல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். 1804-ல் அந்தத் தீவு ஹைத்தி என்ற சுதந்திர நாடாகிவிட்டது. 1789 பிரகடனத்தின்போது யார் உட்கார வேண்டியிருந்தது என்று பிள்ளைகளுக்கு இப்போது சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் 1792-ல் மட்டும் அடிமை வியாபாரத்துக்கு எதிராக 519 மனுக்கள் நாடாளுமன்றத்துக்குப் போயின. அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1833-ல். இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள், அடிமைகளுக்கு இல்லை, முதலாளிமாருக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றும் எழுதிவைத்தார்கள். நம்மை உட்கார வைத்த வரி அது.

இப்போது சன்னலுக்கு வெளியே பாருங்கள்

இங்கே வந்ததும் பிள்ளைகளை எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் பக்கம் பழைய பாதையோரம் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் சில நிற்கின்றன. தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி ஏற்ற நட்ட கல். அதன் மேல் கையை வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஊழியம் என்ற சொல்லைச் சொல்லுங்கள். இன்று அது கிறிஸ்தவ சபைகளில் புனிதமான சொல். திருவிதாங்கூரில் அது சர்க்காருக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை.

தென் திருவிதாங்கூரில் வேலை செய்த மிஷனரிமார் 1847-ல் அடிமைகளை விடுவிக்கச் சொல்லி மன்னருக்கு மனு கொடுத்தார்கள். 1855-ல்தான் அடிமைமுறை முழுதாக ஒழிந்தது. எட்டு வருஷம். மனு போட்டு எட்டு மாசத்தில் அலுத்துப்போகிறவர்களிடம் நான் சொல்லும் கணக்கு இது.

பிறகு தோள்சீலை. சர்க்கார் ஏடுகள் அதைக் கலகம் என்றன, எங்கள் பாட்டிமார் அதைச் சொல்லும் தொனியே வேறு. என் அம்மையின் அம்மை கடைசி வரை ரவிக்கையைக் குப்பாயம் என்றுதான் சொன்னார். நாடார் பெண்கள் தோளை மூடி உடுத்ததற்காகச் சந்தையிலும் வழியிலும் துணியைக் கிழித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். 1829-ல் மேல்சீலை கூடாது என்றே அரசு அறிவித்தது. 1858 கடைசியில் திரும்பவும் வன்முறை வெடித்தது. மனுக்கள் மன்னருக்குப் போயின, மதராசில் புதிதாக வந்திருந்த கவர்னர் டிரெவெல்யன் வரை விஷயம் போனது. 1859 ஜூலை 26, கொல்லம் ஆண்டு 1034, உத்திரம் திருநாள் மன்னர் பெயரில் விளம்பரம் வந்தது. எந்த மதமானாலும் நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், மீனவர்களான முக்குவப் பெண்களைப்போல முரட்டுத்துணி சுற்றலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி உடுத்தக்கூடாது.

இதைக் கரும்பலகையில் எழுதி, அந்த "ஆனால்" என்ற சொல்லைப் பிள்ளைகளையே வட்டம் போடச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "மாமி, குடுத்துட்டு எதுக்கு ஆனால்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பின்வரிசைப் பையன் சொன்னான், "முழுசா குடுத்தா உரிமை ஆயிரும்லா." எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது.

ஓர் எச்சரிக்கை. முலைவரி கேட்டவனுக்கு மார்பையே அறுத்துக் கொடுத்த சேர்த்தலை நங்கேலியின் கதை இந்த இடத்தில் கட்டாயம் வரும். சொல்லுங்கள், ஆனால் வாய்மொழிக் கதை என்று சொல்லிச் சொல்லுங்கள். 1859 விளம்பரம் ஆவணம், நங்கேலி கதை ஊர் ஞாபகம். இரண்டுக்கும் மதிப்பு உண்டு, இரண்டையும் ஒரே பையில் போட்டால் ஆவணத்தின் பலமும் போய்விடும். மனு எழுதுகிறவள் சொல்கிறேன், தேதியில்லாத புகாரை எதிராளி ஊதித் தள்ளிவிடுவான்.

அடுத்து டாக்டர் பல்பு. மதராசில் மருத்துவம் படித்துத் தேறியவர், ஈழவர் என்பதால் சொந்த ஊரில் அரசு வேலை இல்லை, மைசூரில் போய் வேலை பார்த்தார். 1891-ல் அரசு வேலையில் இடம் கேட்டு மலையாளி மெமோரியல் என்ற மனு 10,028 கையெழுத்தோடு மன்னருக்குப் போனது. 1896-ல் ஈழவ மெமோரியல், 13,176 கையெழுத்து. கைக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அந்த இரண்டு மனுவுக்கும் நடுவே 1893-ல் வெங்ஙானூர்க்காரர் அய்யன்காளி, எழுதப் படிக்கத் தெரியாதவர், புலையர் நடக்கக்கூடாத பொதுவழியில் வில்லுவண்டி பூட்டி ஓட்டிக்கொண்டு போனார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று பின்னால் வேலைநிறுத்தமும் நடத்தினார். மனு எழுதுகிறவள் என்பதால் இதை மறைக்கவில்லை. எல்லாம் தாளால் நடந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. சில மனுவுக்குச் சக்கரம் வேண்டும்.

வைக்கத்துக்கு வாக்கெடுப்பு வையுங்கள். 1924 மார்ச் 30-ல் தொடங்கிய சத்தியாக்கிரகம், கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கு. பெரியார் போய் இரண்டு தடவை சிறை சென்றது எல்லாருக்கும் தெரியும். எங்கள் கோட்டாற்றுப் பக்கத்திலிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு தலைமையில் ஓர் ஊர்வலம் திருவனந்தபுரம் போனது பலருக்குத் தெரியாது. வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் இன்னொன்று. மேல்சாதியாரே இருபதாயிரத்துக்கு மேல் கையெழுத்துப் போட்ட மனுவை மகாராணியிடம் கொடுத்தார்கள். 1925 பிப்ரவரியில் சட்டசபையில் ஓட்டு: ஆதரவு 21, எதிர்ப்பு 22. இந்த எண்ணிக்கையைச் சீட்டுப் போட்டு நடித்துக் காட்டுங்கள். அந்த ஒரு சீட்டைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். பதினொரு வருஷம் கழித்து, 1936 நவம்பர் 12-ல், கோயில் நுழைவு விளம்பரமே வந்துவிட்டது.

கையெழுத்தும் கோந்தும்

பிள்ளைகள் களைத்திருப்பார்கள். சாயா கொடுங்கள். அதன்பிறகு கோந்தை எடுங்கள்.

1893-ல் நியூசிலாந்துப் பெண்கள் ஓட்டுரிமை கேட்டு மனு போட்டார்கள். ஊர் ஊராக வந்த தாள்களைக் கேட் ஷெப்பர்ட் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு துடைப்பக் கட்டைத் துண்டில் சுற்றி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். நீளம் ஏறத்தாழ 270 மீட்டர். எங்கள் நூலக வாசலிலிருந்து ஒரு பையனை அடி எண்ணி நடக்கவிட்டோம். சர்ச் தாண்டிச் சாயாக்கடை வரை போய் நின்று கையை ஆட்டினான். அந்த வருஷம் செப்டம்பரில் சட்டம் வந்தது, பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்த முதல் தன்னாட்சி நாடு அதுதான். பிள்ளைகளும் தங்கள் தாள்களை ஒட்டி ஒரு துடைப்பக் கட்டையில் சுற்றட்டும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1848-ல் பிரிட்டனில் சார்ட்டிஸ்டுகள் என்ற தொழிலாளர் இயக்கத்தார் ஐம்பது லட்சத்துக்கு மேல் கையெழுத்து என்று சொல்லி மனு கொண்டுபோனார்கள். குமாஸ்தாக்கள் எண்ணிப் பார்த்ததில் இருபது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. விக்டோரியா மகாராணியின் பெயரே கையெழுத்தாக இருந்தது. இருபது லட்சம் நிஜக் கோரிக்கைகளும் அந்தச் சிரிப்பில் மூழ்கிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரன் கையெழுத்தை நீங்களே போடாதீர்கள் என்று நான் தினம் சொல்வது இதற்காகத்தான்.

1948-க்கு ஒரு பென்சில் போதும்

இரண்டாம் உலகப் போரும் யூதப் படுகொலையும் முடிந்து, அரசு தன் குடிமக்களை என்ன செய்தாலும் அது உள்வீட்டு விஷயம் என்ற நினைப்பு தகர்ந்திருந்த நேரம். ஐ.நா.வின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு வரைவில் எல்லா "ஆண்களும்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. இந்தியாவின் ஹன்சா மேத்தா அதை மாற்றி மனிதப் பிறவிகள் எல்லாரும் என்று வர வைத்தார். பிள்ளைகளிடம் பென்சில் கொடுத்து அந்த ஒரு சொல்லை மாற்றச் சொல்லுங்கள், எத்தனை பேர் எழுந்து நிற்கலாம் என்று கேளுங்கள். பாரிசில் டிசம்பர் 10 ராத்திரி வாக்கெடுப்பு: ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, ஒதுங்கியவர்கள் 8. ஒதுங்கியவர்களில் தென்னாப்பிரிக்கா ஒன்று. அங்குள்ள இந்தியர்களை நடத்தும் விதம் பற்றி 1946-லேயே ஐ.நா.வில் புகார் கொடுத்தது நம் நாடு.

இன்னொரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தப் பிரகடனத்தை வரைந்த மனித உரிமைக் குழுவே 1947-ல் ஒரு தீர்மானம் போட்டது: வருகிற புகார்களின் மேல் நடவடிக்கை எடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று. அதே வருஷம் டு போய்ஸ் தலைமையில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவும் அப்படியே கிடந்தது. தனி ஆளின் மனுவை வாங்கும் சன்னல் திறக்க ஐ.நா.வின் 1966 மனித உரிமை ஒப்பந்தங்களும், அவை நடைமுறைக்கு வந்த 1976-ம் ஆக வேண்டியிருந்தது. இந்தியா 1979-ல் சேர்ந்தது, ஆனால் தனி ஆள் புகார் அனுப்பும் துணை ஒப்பந்தத்தில் இன்றுவரை சேரவில்லை. பாருங்கள், இங்கேயும் ஓர் "ஆனால்".

பாரிஸ் வாக்கெடுப்புக்கு முந்தின நாள், டிசம்பர் 9, டெல்லியில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஒரு பிரிவைக் காட்டி, அரசியல் சட்டத்தின் ஆன்மாவும் இதயமும் இதுதான் என்றார். இன்று அது 32-வது பிரிவு. உரிமை மீறப்பட்டால் நேரே உச்ச நீதிமன்றம் போகலாம் என்பது அது. மனுவையே உரிமையாக்கிய பிரிவு. 17 தீண்டாமையை ஒழித்தது, 23 கூலியில்லாக் கட்டாய வேலையை, அதாவது அந்தச் சுமைதாங்கிக் கல்லின் கதையை. அந்தச் சபையில் திருவனந்தபுரத்தின் ஆனி மஸ்கரீனும் கொச்சியின் தாட்சாயணி வேலாயுதனும் இருந்தார்கள் என்றதும் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

மனுவைத் திருப்பி எழுதுங்கள்

இப்போது வட்டம் போட்ட தாள்களை எடுக்கச் சொல்லுங்கள். கார்பன் வைத்துப் புதிதாக எழுதட்டும். யார், என்று, எந்த இடம், எத்தனை மணி, என்ன நடந்தது, முதல் பத்தியில் இவ்வளவுதான். இரண்டாவது பத்தியில் எந்த விதி, எந்த உத்தரவு. மூன்றாவதில் என்ன செய்ய வேண்டும், எதற்குள் செய்ய வேண்டும். அழுகை வேண்டாம். "ஐயா" இருக்கட்டும், மரியாதை வேறு, கெஞ்சல் வேறு. "கருணை கூர்ந்து" போய் "விதிப்படி" வரும்.

எங்கே கொடுப்பது என்பதும் பாடம்தான். பேருந்து மாதிரி விஷயத்துக்கு மனித உரிமை ஆணையம் வரை ஓட வேண்டாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாள் போதும். போலீஸ் அடித்தது, காவலில் வைத்தது போன்றவைதான் ஆணையத்துக்கு. தேசிய ஆணையம் 1993 சட்டத்தில் வந்தது, தமிழ்நாட்டுக்கு 1997-ல். கட்டணம் கிடையாது, தமிழில் எழுதலாம், மொட்டைக் கடிதம் எடுபடாது. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இதைத் தெரியாமல் தாமதித்துவிட்டு என் திண்ணையில் வந்து அழுதவர்கள் உண்டு. எங்களைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: உங்கள் ரேஷன் கார்டு எந்தப் பக்கம் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள், சம்பவம் எந்தப் பக்கம் நடந்தது என்பதுதான் கேள்வி. களியக்காவிளையில் நடந்தால் சென்னை, சாலையில் கொஞ்ச தூரம் போய் இஞ்சிவிளையில் நடந்தால் திருவனந்தபுரம்.

என் முதல் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த திங்கட்கிழமையே நாகர்கோவில் போய் மனு கொடுத்து, ரசீது எண்ணோடு திரும்பி வந்தார்கள். பேருந்து மூன்று வாரம் ஒழுங்காக நின்றது. பிறகு பழைய குருடிதான். தை மாசம் ஒரு சாயங்காலம் நான்கு பேர் திண்ணைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார்கள், சரியா என்று பார்க்கச் சொல்லி. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வாசித்தேன். பெறுநர் முகவரிக்குக் கீழே, நான் சொல்லிக் கொடுக்காத ஒரு வரியை அவர்களே சேர்த்திருந்தார்கள்: "பார்வை: எங்கள் முந்தைய மனு", பக்கத்தில் அதன் தேதியும் ரசீது எண்ணும். பேனாவை மூடி வைத்துவிட்டு, கார்பன் நகல் எங்கே என்று மட்டும் கேட்டேன்.